கயிறு பார்த்த திசை

நீங்கள் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஊசியைப் பற்றியோ நூலைப் பற்றியோ ஒருத்தியும் கேட்கவில்லை. "ராத்தா, அந்த மூலையில கெடக்கிற பழைய கயிற என்னத்துக்கு எறியாம வெச்சிரிக்கீங்க?" அப்போதெல்லாம் "வேலையப் பாருங்க புள்ள" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது தையல் கொட்டில் உங்கள் கையில். எனக்கு ஊசியில் நூல் கோர்க்க மூன்று தடவை அல்லாஹ்வைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் வீட்டோடு இருக்கிறேன், எழுத நேரம் இருக்கிறது. பயந்தவர்கள் பகலில் வாசியுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் நடந்ததெல்லாம் பட்டப்பகலில் நடந்தது. ஆகவே எப்போது வாசித்தாலும் ஒன்றுதான்.

நான் மருதமுனையில் அபாயா தைத்துக்கொண்டிருந்தவள். என் தையலைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பார்கள், அவ்வளவு பொடியாக, நெருக்கமாகத் தைப்பேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. பொத்துவில் கரையில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டம் கட்டி, பலகையில் நின்று கடலில் ஓடத் தொடங்கிய காலத்தில், கிழிந்த பட்டம் ஒன்றை யாரோ என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டு முற்றம் அளவு துணி. முன் விளிம்பில் ஆள் தொடை பருமனில் ஒரு குழாய், அதற்குள் காற்றடிக்கும் டியூப். துணிதானே என்று தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் நாலு வந்தது. அபாயா போய்ப் பட்டம் தொழிலாகிவிட்டது. தறி நின்ற பழைய கொட்டிலை வாடகைக்கு எடுத்து, பரீதாவையும் இன்னும் நாலு பெண்களையும் சேர்த்துக்கொண்டேன். பரீதாவை உங்களுக்குத் தெரியும். அவள் வாய்க்குப் பயந்தே நீங்கள் நேரத்துக்கு வருகிறீர்கள்.

தைப்பது பாதி வேலை. மற்றப் பாதி, பட்டம் விற்ற கொழும்புக் கடையோடு கதைப்பது. வாங்கினவர் "தானா வெடிச்சிது" என்பார். கடை "கரையில அடிச்சி வெடிக்க வெச்சீங்க" என்னும். நடுவில் என்னுடைய பேப்பர். அதில் இரண்டே பெட்டி. கம்பனிப் பிழை, ஓட்டினவர் பிழை. ஒன்றில் சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். கம்பனிப் பிழை என்றால் புதுப் பட்டம் வரும். இல்லையென்றால் ஆள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

முதல் வருடம் நான் பெரிய மடைச்சி வேலை ஒன்று பார்த்தேன். ஒரு பொடியன் பாவம் என்று, வந்த கிழிசலை அன்றைக்கே தைத்துவிட்டுப் பேப்பரை அனுப்பினேன். கடையில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தாள்.

"தைச்சிட்டீங்களா அக்கா?"

"ஓம், நல்லாத் தைச்சிரிக்கன்."

"அப்ப முடிஞ்சுது. தைச்ச பிறகு அங்க கிழிசல் எண்டு ஒண்டு இல்ல. நான் எதைப் பாத்து நம்புறது?"

அந்தப் பொடியனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு ஆசிரியை கிடைத்தாள். அவளை நான் ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. கம்பனி உத்தரவாதம் பார்க்கிறவள், பெயர் கேட்டால் "வொறண்டிப் பக்கம்" என்பாள், அதுதான் பெயர். பல வருடம் சண்டை பிடித்தோம். அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். "கிழிசல் எங்க முடிஞ்சது எண்டு எல்லாருக்கும் தெரியும் அக்கா. எங்க தொடங்கிச்சு எண்டு பாருங்க. அதைப் பாக்க முந்தி ஊசியைத் தொடாதீங்க."

தொடவில்லை. அன்று முதல் தைக்க முன் படம் எடுத்தேன். ஆனால் தைக்க முன் என்றுதான் அவள் சொன்னாள். கழுவ முன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கழுவுவது எங்கள் கரையின் பழக்கம். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, சேற்றுக்குள் இருந்து எடுத்த ஒவ்வொரு பாத்திரத்தையும் என் உம்மா கிணற்றடியில் வைத்து ஏழு தடவை கழுவித்தான் உள்ளே எடுத்தா. எந்தத் தெருவிலும் அப்படித்தான். கடலில் இருந்து வந்த எதுவும் கழுவாமல் வாசல்படி தாண்டாது. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறவும் இல்லை. கொட்டிலிலும் அதுதான் நடந்தது. வருகிற பட்டம் முதலில் கிணற்றடிக்குப் போகும். பிறகுதான் நான் பார்ப்பேன்.

இனி இஜாசின் கதை.

இஜாஸ் பொத்துவில் பிள்ளை. எங்கள் ஊரில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு இருந்தான். கொட்டிலில் இருந்து இரண்டு தெரு தள்ளி. கச்சான் வீசும் மாதங்களில் பொத்துவிலுக்குப் போய், வருகிறவர்களுக்குப் பட்டத்தில் ஓடப் பழக்குவான். கச்சான் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. பிழைத்தால் ஆளைக் கடலுக்குள்தான் கொண்டுபோகும். அதைத் தெரிந்தவர்களில் அவன் நல்ல கெட்டிக்காரன். அந்த வருடமும் இரண்டு மூன்று தடவை தன் சாமான்களை என்னிடம் தைக்கத் தந்திருந்தான். "ராத்தா, ஒங்கட தையலக் கண்டா வெள்ளக்காரனும் வாயப் பொளக்கிறான்" என்று கேலி செய்வான். எனக்கு அது கேலியாகப்படவில்லை.

கச்சான் ஓய்கிற கிழமை ஒன்றில், பழக வந்தவர்கள் போன பிறகு, பின்னேர அஸர் தொழுகைக்கு முன் தனியாக இறங்கினான். கரையில் நின்றவர்கள் தூரத்தில் அவனுடைய பச்சைப் பட்டம் சாய்ந்து விழுந்ததைக் கண்டார்கள். தோணிகள் போயின. கடலில் ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை, பட்டமும் இல்லை. ஜனாஸா இல்லாத மௌத்து. பத்து நாள் கழித்து உடல் இல்லாதவருக்குத் தொழுகிற காயிப் தொழுகை தொழுதார்கள். நஸ்ரின், அவன் மனைவி, வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்கத் தொடங்கினாள்.

ஒரு மாதத்தின் பின், காற்று மாறி, கடலில் இருந்து தரைக்கு அடிக்கிற வாடை தொடங்கிய போது, கோமாரியில் ஒரு மீன்பிடிகாரர் பட்டத்தைக் கண்டெடுத்தார். அது இஜாஸ் வேலை செய்த இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு உரப்பையில் கட்டப்பட்டு லொறியில் என்னிடம் வந்தது. வொறண்டிக்குப் பார்க்கச் சொல்லி ஒரு காகிதத் துண்டும் இருந்தது.

பையை அவிழ்த்ததும் பரீதா பின்னால் போய் நின்றாள். துணியெல்லாம் பாசி. முன் குழாய் வெடித்துத் தொங்கியது. ஆனால் குறுக்குக் குழாய்கள் ஐந்தும் ஒரு மாதக் கடலுக்குப் பிறகும் கல் மாதிரி காற்றோடு இருந்தன. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. இடுப்புப் பெல்ட்டையும் பட்டத்தையும் சேர்த்து வைக்கிற கயிறு இருக்கிறதல்லவா, அதுவும் வந்திருந்தது. பெல்ட்டில் மாட்டுகிற நுனியில் உள்ள கொக்கி திறந்து கிடந்தது.

அந்தக் கொக்கி தானாகத் திறக்காது. சிவப்புக் குமிழை ஆள் பிடித்து இழுத்தால்தான் திறக்கும்.

தொழில் தெரிந்த உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முன் குழாய் போனாலும் மற்றக் குழாய்கள் மிதக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் யாராவது வந்து எடுப்பார்கள். கரையில்லாத இடத்தில் பட்டத்தை விடுகிறவன் உயிரை விடுகிறான். இஜாஸ் அதைத்தான் பழக வந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் படிப்பித்தான்.

என் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு பழக்கம் வென்றது. பட்டத்தைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய், கொக்கியில் ஒட்டியிருந்த பொடிச் சிப்பிகளைக் கத்தி முதுகால் சுரண்டி, தும்பு போட்டுத் தேய்த்து, ஏழு தடவை கழுவினேன்.

அன்று பின்னேரமே ஊருக்குள் கதை போய்விட்டது. கொக்கி திறந்திருந்ததாம். தானாகத்தான் விட்டானாம். பள்ளிவாசல் படியில் நின்று, அவனுக்காகத் தொழுத வாயாலேயே கதைத்தார்கள். நஸ்ரின் வெளியில் வர ஏலாது. என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

வெள்ளைத் துணி உடுத்து அறைக்குள் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"ராத்தா, அண்டைக்குக் காலைல நாங்க சண்ட. சும்மா, ஒண்டுமில்லாத சண்ட. அவரு சாப்பிடாமப் போன. நான் புட்ட மூடி வெச்சிட்டு, 'போனாப் போங்க' எண்டு சொன்னன். அதுக்காகவா ராத்தா விட்டவர்?"

அவள் என் கையை இன்னும் இறுக்கினாள்.

"எனக்கு வேற ஒண்டும் வேணா. அவர் தானா விட்டாரா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குத்தானே கிழிசல் பாக்கத் தெரியும்."

பார்த்தேன். முன் குழாய் வெடித்த இடத்தில் இரட்டைத் தையல் இருக்க வேண்டியது, ஒரு சாண் நீளத்துக்கு ஒற்றைத் தையல்தான் இருந்தது. சந்தேகமில்லாத கம்பனிப் பிழை. சரி போட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் வொறண்டிப் பக்கம் போன் எடுத்தாள். அவள் குரல் வழக்கத்தை விட மெதுவாக இருந்தது.

"அக்கா, கடை ஏற்காது. கொக்கி திறந்திருக்கு. பட்டம் நல்லா இருக்கக்குள்ள அவர் விட்டார், பிறகு அலையில அடிபட்டு வெடிச்சுது எண்டு சொல்லுறாங்க. ஒண்டு கேக்கிறன். கொக்கி கடல்லயே திறந்து கிடந்திருந்தா, வாய்க்குள்ளயும் சிப்பி முளைச்சிருக்கும். மூடிக் கிடந்திருந்தா வெளியில மட்டும். கழுவ முந்தி எடுத்த படம் இருக்கா?"

நான் போனைப் பிடித்தபடி கிணற்றடியைப் பார்த்தேன். சுரண்டிய சிப்பித் தூள் கல்லிடுக்கில் வெள்ளையாகக் கிடந்தது. எந்தத் தூள் எங்கே இருந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"இல்ல" என்றேன்.

"நினைவிருக்கா?"

"இல்ல."

நஸ்ரினுக்கு அதைச் சொன்ன போது அவள் அழவில்லை. தாழ்ந்த குரலில் கதைத்தாள். "மூடி இரிந்திச்சி எண்டு எழுதுங்க ராத்தா. ஒருத்தருக்கும் தெரியா. ஒரு சொல்லுத்தானே."

உண்மையைச் சொல்கிறேன், எழுதத்தான் நினைத்தேன். புதுப் பேப்பர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தும் விட்டேன். நல்ல பொய் தானே, யாருக்கு நட்டம்? ஆனால் அவள் கேட்டது பேப்பரை அல்ல. நான் எழுதினாலும், அவளுக்குத் தெரியும் அது தான் கேட்டு வாங்கிய பேப்பர் என்று. காலம் முழுக்க அந்தப் புட்டுப் பாத்திரம் மூடியபடியே அவள் முன்னால் இருக்கும். பேப்பரை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன்.

கொட்டிலில் நடந்தது அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அல்லது அதற்குப் பிறகுதான் நாங்கள் கவனித்தோம்.

பட்டத்தைக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தோம். மழை தொடங்கவில்லை, வெயில் எரித்தது. பக்கத்தில் தொங்கிய மற்றப் பட்டங்கள் ஒரு நாளில் காய்ந்தன. இது காயவில்லை. ஐந்தாம் நாளும் அதன் கீழே சீமெந்தில் கை அகலத்துக்கு நனைந்திருந்தது. பரீதா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு ராத்தா" என்றாள். ஏழு தடவை நல்ல தண்ணீரில் கழுவிய பட்டம்.

நடுப்பகலில் லுஹர் பாங்கு சொல்லி மெசின்களை நிறுத்தியதும், அந்த அமைதியில், குறுக்குக் குழாய் ஒன்றில் இருந்து காற்று மெல்லப் போகிற சத்தம் கேட்கும். ஆள் நித்திரையில் மூச்சு விடுகிற அளவு. போய்த் தட்டிப் பார்த்தால் ஐந்து குழாயும் கல் மாதிரி. இரண்டு பெண்கள் வேலைக்கு வராமல் விட்டார்கள். பரீதா தண்ணீர் ஓதி வாங்கி வந்து நாலு மூலையும் தெளித்தாள். நான் என் தையலைப் பார்த்தேன். பேய்க்குப் பயந்து இந்தக் கரையில் பிழைக்க முடியாது, எத்தனை பேரைக் கடல் கொண்டு போன ஊர் இது.

கயிறுதான் என்னை உலுப்பியது.

கழுவிய பிறகு அதைச் சுருட்டிக் கொட்டிலின் நடுத்தூணடியில், தரையோடு வைத்திருந்தேன். அதுவும் கொக்கியும்கூடக் காயவேயில்லை. மறுநாள் காலை சுருள் அவிழ்ந்து, கொக்கி கிழக்கே பார்த்துக் கிடந்தது. திரும்பச் சுருட்டினேன். அடுத்த நாளும் கிழக்கு. பூனை இழுத்திருக்கும் என்றேன். மூன்றாம் நாள் சுருளின் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். காலையில் கல் வைத்த இடத்தில் இருந்தது, கயிறு அதன் கீழால் வந்து கிழக்கே நீண்டு கிடந்தது.

கிழக்குச் சுவரில்தான் கடற்கரைப் பக்கத்துக் கதவு. அதற்குப் பக்கத்தில் யன்னல், யன்னலுக்குக் கீழே என்னுடைய மெசின்.

"கடலப் பாக்கிது ராத்தா" என்றாள் பரீதா. "அவரத் தேடிப் போகப் பாக்கிது."

"பழைய கயிறு. ஈரம் குடிச்சா முறுக்கு அவிழும்" என்றேன். அது உண்மையும்தான். நீண்ட நாள் முறுக்கிக் கிடந்த கயிறு ஈரக் காற்றில் திரும்பும். இன்றைக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்வேன். கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் லுஹருக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மெசினடியில் தனியாக இருந்து ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தேன். காலில் ஏதோ குளிராகப் பட்டது. குனிந்து பார்த்தேன். கொக்கி. காலையில் அது தூணுக்கும் மெசினுக்கும் நடுவில் கிடந்தது என்று எனக்கு நல்ல நினைவு.

கத்தவில்லை. அதைக் கையில் எடுத்தேன். காய்ந்திருந்தது. முதல் தடவையாகக் காய்ந்திருந்தது.

அப்போதுதான் கண்டேன். சிப்பியைச் சுரண்டினாலும் அதன் அடி போகாது. ஈரத்தில் தெரியாது, காய்ந்தால் சுண்ணாம்பு வளையமாகத் தெரியும். கொக்கியின் முதுகில் எட்டுப் பத்து வளையங்கள் இருந்தன. வாய்க்குள் ஒன்றுமில்லை, சுத்தம். வாயின் விளிம்பில் மட்டும் ஒன்று, முழு வளையம் அல்ல, நேராக வெட்டியது போல அரை வட்டம்.

சிப்பி பாதியாக முளைக்காது. மற்றப் பாதி, கொக்கியின் வாயில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்றின் மேல் இருந்திருக்க வேண்டும். கொக்கி கடலில் மூடித்தான் இருந்தது. எதையோ பிடித்துக்கொண்டு இருந்தது. கரைக்கு வந்த பிறகு யாரோ திறந்து அதை எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பரீதாவையும் கூட்டிக்கொண்டு கோமாரிக்குப் போனேன். பட்டத்தைக் கண்டெடுத்த மீன்பிடிகாரரை விசாரித்துப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. என் வயதுக்காரர், தென்னைக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா, நான்தான் எடுத்தன். கரையில பொரண்டு கெடந்திச்சி."

"கொக்கியில என்ன மாட்டியிருந்த?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "ஒரு வளையம். நல்ல துருப்பிடிக்காத இரும்பு. செவப்புக் குமிழ இழுத்தன், கழண்டு வந்திச்சி. தோணிக் கயித்துக்கு ஆகும் எண்டு எடுத்தன். பெரிய சாமானா அக்கா அது? கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே."

ஒரு மனிதனின் பெயர் அதில் தொங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தோணியில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இஜாசின் இடுப்புப் பெல்ட்டில் இருந்த வளையம். அதன் மேல் வெள்ளையாக அரை வட்டம். கொண்டுபோன கொக்கியை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பாதியும் சேர்ந்து முழு வளையமானது.

பரீதா "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழத் தொடங்கிவிட்டாள். நானும் அழுதிருப்பேன். ஆனால் வளையத்தில் இன்னும் ஒரு துண்டுப் பெல்ட் நாடா ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதக் கழட்டத்தான் ஏலல்ல அக்கா" என்றார் அவர். "கத்தி போட்டும் பாத்தன். அவ்வளவு நெருக்கமாத் தைச்சிரிக்கி. ஆரு தைச்சாங்களோ, கைகாரி."

கறுப்பு நாடா. கரு நீல நூல். பெல்ட் தைத்த அன்று என்னிடம் கறுப்பு நூல் முடிந்திருந்தது, நீலத்தில் தைத்தேன், வித்தியாசம் தெரியாது என்று இஜாசிடம் சொன்னேன். அவனும் சிரித்தான். பருவத் தொடக்கத்தில் அவன் கொண்டுவந்த பழைய பெல்ட். வளையம் ஆடுகிறது, இறுக்கித் தாருங்கள் என்றான்.

என் தையல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. நாடாதான் அறுந்திருந்தது, தையல் போன கோடு வழியே, நாட்காட்டித் தாள் கிழிகிற மாதிரி நேராக. பாரம் தாங்குகிற நாடாவில் நெருக்கமாகக் குத்தினால் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. அபாயாவுக்கு அழகு, நாடாவுக்கு வெட்டு. எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாமல் பெருமையோடு தைத்தேன்.

கடலில் என்ன நடந்தது என்று இப்போது முழுவதும் தெரிந்தது. முன் குழாய் வெடித்தது, பட்டம் விழுந்தது. அவன் விடவில்லை. கயிற்றில் பட்டத்தோடு கிடந்தான், தான் படிப்பித்தபடி. அலை இழுத்து இழுத்து, நாடா என் தையல் வழியே பிரிந்தது. பட்டம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பரீதா என் பக்கத்தில் இருந்தாள். திருக்கோவில் ஊரைத் தாண்டிய பிறகு காதருகே வந்தாள்.

"ராத்தா, நாடாவ வெட்டி எறிஞ்சிட்டு வளையத்த மட்டும் காட்டுவம். நஸ்ரினுக்கு அது போதும். கடைக்கும் அது போதும். ஒங்கட நூல் எண்டு எனக்கும் ஒங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கொட்டில மூடினா நாங்க ஆறு பேர் எங்க போற?"

அவள் சொன்னதில் பிழை இல்லை, அவள் நன்றி உள்ளவள். என் மடியில் இருந்த பையைத் தொட்டேன். கயிறு உள்ளே சுருட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கிழக்குச் சுவரில் கதவு மட்டும் இல்லையே. அது ஒரு நாளும் கடலைப் பார்க்கவில்லை. கதவுக்கு நேரே அது ஒரு தடவையாவது கிடந்ததா என்று யோசித்தேன். இல்லை. ஒன்பது நாளும் யன்னலுக்கு நேரே. என் மெசினுக்கு நேரே.

கொட்டிலுக்கு வந்ததும் கொழும்புக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன், நூலின் நிறம் வரைக்கும். வொறண்டிப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, பேப்பர்ல ரெண்டு பெட்டிதான் இருக்கு" என்றாள் கடைசியில். "மூண்டாவதை நீங்களே கீறுங்க."

கீறினேன். அடிமட்டம் வைத்துக் கீறினேன். "திருத்தினவர் பிழை" என்று எழுதி அதிலும் சரி போட்டேன், கம்பனிப் பிழையிலும் போட்டேன். பிறகு என் கொப்பியைத் திறந்து, நான் தைத்த இடுப்புப் பெல்ட்டுகளைப் பார்த்தேன். ஏழு. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துத் திருப்பிக் கேட்டேன். ஏழாவதாக வந்ததில் நாடா ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு முந்தின நாளும் ஒருவர் கடலில் இறங்கியிருக்கிறார்.

அதே தொகுதிப் பட்டங்களைக் கடை திருப்பி எடுத்தது. ஒரு பருவம் முழுக்க எனக்கு ஒரு பட்டமும் வரவில்லை. மீண்டும் அபாயா தைத்தோம், இந்தத் தடவை பெருமையில்லாமல்.

இது எல்லாவற்றுக்கும் முன், அந்தப் போன் வைத்த பின்னேரமே நஸ்ரினிடம் போனேன். வளையத்தையும் கொக்கியையும் அவள் மடியில் வைத்துச் சேர்த்துக் காட்டினேன்.

"அப்ப அவர் விடல்ல" என்றாள்.

"அவர் விடல்ல மகள். அறுந்த இடம் என்ட தையல். நான் பிழையாத் தைச்சன்."

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் அந்த நாடாத் துண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"காத்துக் கூடின நாள்ல நான் பயப்படுவன் ராத்தா. போக வேணா எண்டுவன். அப்ப எல்லாம் அவர் பெல்ட்டத் தூக்கிக் காட்டுவார். 'பயப்படாதகா, இதுல ராத்தாட தையல் இரிக்கி' எண்டுவார்."

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவள் பக்கத்தில் இருந்தேன். நான் எழும்பிய போது வளையத்தை நாடாவோடு அவள் வைத்துக்கொண்டாள். கயிற்றை என்னிடம் தந்தாள்.

வளைந்து வளைந்து கதை எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டது கயிற்றைப் பற்றி. அதை அந்த மூலையில் வைத்தேன். கழுவ முன் படம் எடுக்கிறீர்கள், பாரம் தாங்குகிற இடத்தில் அகலமாகத் தைக்கிறீர்கள், இரண்டும் அதனால் வந்த சட்டங்கள். பட்டங்கள் திரும்ப வரத் தொடங்கியபோது, மூன்று தடவை கொட்டிலில் சாமான் இடம் மாற்றினோம். என் மெசின் கிழக்கில் இருந்து வடக்குச் சுவருக்குப் போனது, பிறகு வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் கொக்கி மெசின் பக்கம் திரும்ப இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஈரக் காற்றுத்தான். பழைய கயிறுதான்.

நான் சாவியைத் தந்த அன்று காலையிலும் கொக்கி வாசல் பக்கம் பார்த்துத்தான் கிடந்தது. அந்த மெசினில் இப்போது இருப்பது நீங்கள்.